மிளகிலிருந்து தொடங்குங்கள்: இசிதோரின் ‘எத்திமோலோகியே’யை ஆராய ஒரு வழிகாட்டி

ஸ்பெயினின் செவில் நகரத்து ஆயர் இசிதோர் 636-இல் இறந்தபோது அவருடைய பெரிய நூல் முடிந்தும் முடியாமலும் இருந்தது. இலக்கணத்தில் தொடங்கி அடுக்களைப் பாத்திரம், ஏர்க்கலப்பை வரை, பெயருள்ள எல்லாவற்றையும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற கேள்வியோடு அடுக்கிச் சொல்லும் இலத்தீன் கலைக்களஞ்சியம் அது. ‘எத்திமோலோகியே’ என்பது பெயர். ‘ஒரிகினேஸ்’ என்றும் அழைப்பார்கள். பழைய ஜெர்மானிய, பிரெஞ்சு ஆய்வுகளில் இந்த இரண்டாம் பெயர்தான் அடிக்கடி வரும். இரண்டும் ஒரே நூல். முழுப்படி, அரைகுறைப்படி, துண்டு என எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,000 கையெழுத்துப் படிகள் இன்று எஞ்சியிருக்கின்றன. விவிலியத்தை விட்டுவிட்டால், இடைக்கால ஐரோப்பாவில் இந்த அளவுக்குப் படியெடுக்கப்பட்ட நூல்கள் மிகக் குறைவு.

இதற்குள் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க உட்கார்ந்து, இலக்கணப் பகுதியைத் தாண்டுவதற்குள் மூடிவைத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் பிழையான சொற்பிறப்பு விளக்கங்களைப் பொறுக்கியெடுத்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு வழியிலும் இந்த நூல் 900 ஆண்டுகள் ஐரோப்பாவை ஏன் ஆண்டது என்பது தெரியவராது. நாங்கள் சொல்லும் வழி வேறு. ஒரே ஒரு சிறு பதிவை எடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கியும், எங்கெல்லாம் போனது என்று முன்னோக்கியும் வரிக்கு வரி தேடுங்கள். அந்த ஒரு பதிவு உங்களுக்கு முழு ஆய்வுமுறையையும் கற்றுக்கொடுத்துவிடும். இந்த வழிகாட்டியில் நாம் எடுத்துக்கொள்வது 17-ஆம் புத்தகத்தில் வரும் மிளகு.

முதல் படி: எந்தப் பதிப்பு?

இன்றும் எல்லாரும் மேற்கோள் காட்டுவது லிண்ட்சே 1911-இல் ஆக்ஸ்ஃபர்டில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட இலத்தீன் பதிப்பு. அதில் பக்க எண்களே இல்லை. அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நூலைப் பக்கத்தால் மேற்கோள் காட்டும் வழக்கம் கிடையாது. புத்தகம், இயல், பத்தி என்று மூன்று எண்கள் போதும். மிளகு 17.8.8, அதாவது 17-ஆம் புத்தகம், 8-ஆம் இயல், 8-ஆம் பத்தி.

லிண்ட்சேயின் மூலபாடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொல் தேடுவதற்கு அது போதும். ஆனால் இணையப் படிகளில் பெரும்பாலும் அடிக்குறிப்பிலுள்ள பாடபேதங்கள், அதாவது படிக்குப் படி மாறும் சொற்கள், இருக்காது. ஒரு சொல்லை வைத்து வாதம் கட்டப்போகிறீர்கள் என்றால் அச்சுப் பதிப்பின் வருடிய படியைத் திறந்து, கீழே என்ன பாடபேதம் இருக்கிறது என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

லிண்ட்சேக்கு முந்தியது அரெவாலோ ரோமில் 1797 முதல் 1803 வரை வெளியிட்ட பதிப்பு. அது பின்னர் மீனியின் ‘பத்ரொலோகியா லத்தீனா’ வரிசையில் மறு அச்சானது. ‘எத்திமோலோகியே’ அதில் 82-ஆம் தொகுதி. பழைய ஆய்வாளர்கள் “மீனி 82, இத்தனாவது பத்தி” என்று எழுதியிருந்தால் அது அச்சுப்பக்கத்தின் செங்குத்துப் பத்தியைக் குறிக்கிறது, லிண்ட்சேயின் பத்தி எண்ணை அல்ல. இயல் எண்களும் சில இடங்களில் ஒத்துவராது. எண்ணை நம்பித் தேடினால் வேறு பதிவில் போய் நிற்பீர்கள். சொல்லை வைத்துத் தேடுங்கள்.

பாரிஸின் லெ பெல் லெத்ர் நிறுவனம் 1981 முதல் ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனி அறிஞரிடம் கொடுத்துப் புதிதாகப் பதிப்பித்துவருகிறது. 17-ஆம் புத்தகம் அந்த வரிசையில் முதலிலேயே வந்துவிட்டது. பதிப்பாசிரியர் ழாக் ஆந்த்ரே. உங்கள் பதிவு இருக்கும் புத்தகம் இந்த வரிசையில் வந்திருந்தால் அதைத்தான் முதலில் தேட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மூலம் எது என்ற குறிப்பு அதில் பக்கத்தின் அடியிலேயே இருக்கும். மாதக்கணக்கான வேலை மிச்சமாகும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் அந்த மூலக் குறிப்புகளைப் பயன்படுத்தலாம். அவை நூற்பெயரும் எண்ணும்தான்.

ஆங்கிலத்தில் கேம்பிரிட்ஜ் 2006-இல் வெளியிட்ட முழு மொழிபெயர்ப்பு இருக்கிறது. நூலுக்குள் வழி கண்டுபிடிக்க அது நல்ல துணை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு செல்வாக்கை ஆராய முடியாது. யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பதற்குச் சான்று இலத்தீன் சொற்களிலேயே இருக்கிறது.

இரண்டாம் படி: 20 புத்தகங்களில் எது எங்கே?

இசிதோர் தலைப்புகளாக மட்டுமே பிரித்து வைத்திருந்ததை 20 புத்தகங்களாக வகுத்தவர் அவருடைய நண்பரும் சரகோசாவின் ஆயருமான பிராவுலியோ. நூலை அனுப்பச் சொல்லி அவர் ஆண்டுக்கணக்கில் கெஞ்சிய கடிதங்களும், உடல்நலம் இல்லாததால் திருத்தாமலே அனுப்புகிறேன் என்று இசிதோர் எழுதிய பதிலும் லிண்ட்சே பதிப்பின் முகப்பிலேயே இருக்கின்றன. அவற்றை முதலில் படித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான். நூலில் ஒரே செய்தி இரண்டு இடங்களில் வருவதும், சில இயல்கள் பாதியில் நிற்பதும் ஏன் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

முதல் மூன்று புத்தகங்கள் பள்ளிக்கலைகள்: இலக்கணம், பேச்சுக்கலையும் தருக்கமும், பிறகு கணிதம், இசை, வானியல். 4 மருத்துவம். 5 சட்டமும் காலக்கணக்கும். 6 முதல் 8 வரை நூல்கள், இறைவன், திருச்சபை, மதப்பிரிவுகள். 9-இல் மொழிகள், இனங்கள், அரசு, உறவுமுறை. 10-ஆம் புத்தகம் மட்டும் அகரவரிசை அகராதி. 11 மனித உடல், 12 விலங்குகள், 13, 14 உலகமும் நிலமும், 15 ஊர்களும் கட்டடங்களும், 16 கற்களும் உலோகங்களும், 17 பயிர்கள், 18 போரும் விளையாட்டும், 19 கப்பல், கட்டுமானம், உடை, 20 உணவும் வீட்டுப்பொருளும்.

பிற்காலத்தில் எந்தத் துறைக்காரர் எந்தப் புத்தகத்தை அதிகம் எடுத்தார் என்பதும் இந்தப் பட்டியலோடு சேர்த்து நினைவில் நிற்க வேண்டியது. விலங்கு நூல்கள் எழுதியவர்கள் 12-ஐ எடுத்தார்கள், சட்ட அறிஞர்கள் 5-ஐ, உலகப்படம் வரைந்தவர்கள் 14-ஐ. 9-ஆம் புத்தகத்தின் உறவுமுறை இயலில் வரும் வரைபடங்கள், யாரை யார் மணக்கலாம் என்ற திருச்சபை வழக்குகளுக்கே பயன்பட்டன.

இசிதோரின் மற்ற நூல்களோடு இதைக் குழப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அன்றைய ஸ்பெயினை ஆண்ட விசிகோத் அரசன் சிசெபுத்துக்காக அவர் எழுதிய ‘தே நாத்துரா ரேரும்’ தனி நூல். அதிலுள்ள வட்ட வரைபடங்களால் அதற்குச் ‘சக்கரங்களின் நூல்’ என்றே ஒரு பெயர் உண்டு. 735-இல் ஆங்கிலத் துறவி பீட் மரணப்படுக்கையிலும் இசிதோரிடமிருந்து பகுதிகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார் என்று அவருடைய மாணவர் கத்பர்ட் எழுதிய கடிதம் சொல்கிறது. அது இந்தச் சக்கர நூலிலிருந்து. ‘எத்திமோலோகியே’ என்று நினைத்து மேற்கோள் காட்டியவர்கள் பலர்.

மூன்றாம் படி: இலத்தீன் எவ்வளவு வேண்டும்?

இசிதோரின் வாக்கியங்கள் குட்டையானவை, அச்சில் வார்த்தவை. ஓராண்டு இலத்தீன் படித்தவர் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பதிவைப் படித்துவிடலாம். லூயிஸ்–ஷார்ட் அகராதி இணையத்தில் இலவசம். தொடக்கத்துக்கு அது போதும்.

முதலில் 1.29-ஐப் படியுங்கள். தன் முறை என்ன என்று இசிதோர் அங்கே சொல்கிறார். ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்று கண்டுவிட்டால் அதன் ஆற்றல் சீக்கிரம் விளங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. பெயர் வரும் வழிகளையும் வகுக்கிறார். காரணத்தால் வருவது: ரெகேஸ் (அரசர்கள்), ரெகெந்தோ (ஆளுதல்) என்பதிலிருந்து. தோற்றத்தால் வருவது: ஹோமோ (மனிதன்), ஹூமுஸ் (மண்) என்பதிலிருந்து. எதிர்மறையால் வருவது: லூக்குஸ் (தோப்பு), நிழல் அடர்ந்து ஒளி குறைந்திருப்பதால். இந்த மூன்றாவது வகையைப் பார்த்துத்தான் பலர் சிரிக்கிறார்கள். அது இசிதோர் கண்டுபிடித்தது அல்ல. அவருக்கு முந்திய இலத்தீன் இலக்கண ஆசிரியர்களிடம் வழங்கிவந்த பழைய முறை.

திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் தனித்தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ‘டிக்துஸ்’, ‘வொக்காதுஸ்’ என்றால் ‘அழைக்கப்பட்டது’. ‘க்வோத்’, ‘க்வியா’ என்றால் ‘ஏனெனில்’. ‘க்வாசி’ என்பதில் மட்டும் கவனம் வேண்டும். வுல்பெஸ் (நரி) என்பதை அவர் “க்வாசி வோலுபெஸ்” என்கிறார் (12.2.29); கால்களைச் சுழற்றி வளைந்து வளைந்து ஓடுவது என்பது பொருள். வோலுபெஸ் என்றொரு சொல் வழக்கில் இருந்தது என்று அவர் சொல்லவில்லை. விளக்கத்துக்காக இடையில் வைத்த பாலம் அது. ‘க்வாசி’க்குப் பின் வரும் சொல்லை அகராதியில் தேடிக் காணாமல் நேரத்தை இழக்காதீர்கள்.

நான்காம் படி: பதிவைச் செய்திகளாகப் பிரித்தல்

17.8.8-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளடக்கம் இது: மிளகு மரம் இந்தியாவில், காக்கசு மலையின் வெயில் பார்த்த பக்கத்தில் வளர்கிறது. இலை ஜூனிப்பர் போன்றது. மிளகுக் காடுகளைப் பாம்புகள் காவல் காக்கின்றன. காய் முற்றியதும் அந்நாட்டார் தீ வைக்கிறார்கள், பாம்புகள் ஓடிவிடுகின்றன. தீயால் மிளகு கறுப்பாகிறது. இயல்பில் மிளகு வெள்ளை. முற்றாதது நீள மிளகு, தீப்படாதது வெள்ளை மிளகு, தோல் சுருங்கிச் சொரசொரத்தது தீயின் வெப்பத்தால் நிறத்தையும் பெயரையும் பெறுகிறது. லேசாக இருந்தால் பழைய மிளகு, கனத்தால் புதிது. வணிகர்களின் ஏமாற்றுக்குத் தப்ப வேண்டும்: பழைய மிளகை நனைத்து, வெள்ளி நுரை என்னும் ஈயக்கசடையோ ஈயத்தையோ தூவி எடை கூட்டுகிறார்கள்.

இதைப் படித்ததும் ஒரு தமிழ் வாசகர் தலையசைத்துச் சொல்வார்: மிளகு மரமல்ல, கொடி, பச்சைக்காயை வெயிலில் காயவைத்தால் கறுப்பு, பழுத்ததை ஊறவைத்துத் தோலுரித்தால் வெள்ளை, நீள மிளகு எனப்படும் திப்பிலி வேறு கொடியே. எல்லாம் சரி. ஆனால் ஆய்வு அங்கே முடிவதில்லை, தொடங்குகிறது. இசிதோர் மிளகுக்கொடியைப் பார்த்தவர் அல்லர். பார்த்ததாகச் சொல்லவும் இல்லை. அவர் கையில் இருந்தவை புத்தகங்கள். எந்தப் புத்தகங்கள் என்று காட்டித்தருபவை இந்தப் பிழைகளே. எடை பார்த்து மிளகு வாங்கும் அறிவுரை மட்டும் இன்றைய மளிகைக்கடையிலும் செல்லும்.

பதிவைத் தனித்தனிச் செய்திகளாக எண்ணிட்டுப் பிரியுங்கள். மிளகில் ஏழு கிடைக்கும்: இடம், இலை, பாம்பு, தீ, மூன்று வகை, எடை, கலப்படம். ஒரு பதிவை முழுதாக வைத்துக்கொண்டு மூலம் தேடுவது வீண். இசிதோரின் பதிவுகள் பெரும்பாலும் ஒட்டுவேலை, ஒவ்வொரு துண்டுக்கும் மூலம் வேறாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: பின்னோக்கித் தேடுதல்

ஏழு செய்திக்கும் ஏழு வரிசை கொண்ட அட்டவணை போடுங்கள். முதல் பத்தியில் இசிதோரின் இலத்தீன் சொற்கள், அடுத்தடுத்த பத்திகளில் சந்தேகிக்கும் மூலங்கள். இயற்கைப் பொருளுக்கு முதலில் திறக்க வேண்டியவை இரண்டு: ரோமானிய எழுத்தாளர் பிளினியின் ‘இயற்கை வரலாறு’, அதைப் பிழிந்து எழுதிய சோலினுஸ். இலக்கணத்துக்கு தொனாத்துஸ், வர்ஜிலுக்கு உரையெழுதிய செர்வியுஸ், பள்ளிக்கலைகளுக்குக் கசியோதோருஸ், இறையியலுக்கு அகுஸ்தினும் எரோனிமுவும். இவர்களைச் சோதித்த பிறகே வேறு இடம் போங்கள்.

பிளினி மிளகைப் பற்றி 12-ஆம் புத்தகத்தில், 26-ஆம் பத்தியில் சொல்கிறார். பிளினிக்கு இரண்டு எண்முறைகள் உண்டு, பழைய இயல் எண்ணும் புதிய பத்தி எண்ணும். இரண்டையும் கலந்துவிட்டால் மேற்கோள் கெட்டுவிடும். அவர் சொல்வது: மரங்கள் ஜூனிப்பர் போன்றவை, காக்கசின் வெயில் முகத்தில் மட்டுமே வளரும் என்று சிலர் சொல்கிறார்கள், வெடிக்கும் முன் பறித்தது நீள மிளகு, முற்றியது வெள்ளை, அது பிறகு வெயிலில் வறண்டு நிறம் மாறிச் சுருங்குகிறது. இடம், இலை, மூன்று வகை எல்லாம் இங்கே இருக்கின்றன. இசிதோர் பிளினியைப் பார்த்துத்தான் எழுதினார் என்று முடிவுகட்டத் தோன்றும். பொறுங்கள்.

சோலினுஸின் 52-ஆம் இயலைத் திறங்கள். முற்றாதது நீளம், கெடாதது வெள்ளை, வெப்பம் சுருக்கியது நிறத்தால் பெயர் பெறுகிறது என்று மூன்று வகையும் அங்கே ஒரே வாக்கியத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இசிதோரின் சொல்லடுக்கு இதனோடுதான் ஒட்டுகிறது. ‘இன்மாத்துரும்’, ‘இன்கொர்ருப்தும்’, ‘ருகோசா’ என்ற சொற்கள் அதே வரிசையில் வருகின்றன. ஆக எலும்புக்கூடு சோலினுஸுடையது. பிளினி அவருக்குப் பின்னால் நிற்கிறார். இப்போது ஒரு சிறு மாற்றத்தைக் கவனியுங்கள். சோலினுஸ் ‘காலோர்’ (வெப்பம்) என்று மட்டும் எழுதினார். இசிதோர் ‘காலோர் இக்னிஸ்’ (தீயின் வெப்பம்) என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். வெயில் தீயாகிவிட்டது. அந்த ஒரு சொல், பாம்பும் தீயும் வரும் கதையைச் சோலினுஸின் வாக்கியத்தோடு தைத்த தையல்.

பாம்புக்கதை பிளினியிடமும் இல்லை, சோலினுஸிடமும் இல்லை. கீழ்த்திசை அதிசயங்களைச் சொல்லும் கடித மரபொன்று இலத்தீனில் இருந்தது. அதன் பழைய ஆங்கில வடிவம் பேயோவுல்ஃப் காவியம் உள்ள அதே கையெழுத்துத் தொகுப்பில் இருக்கிறது. அங்கே கொம்புள்ள பாம்புகள் மிளகைக் காக்கின்றன, மக்கள் தீ வைக்கிறார்கள், அதனால் மிளகு கறுக்கிறது. இசிதோர் இந்த மரபை நேரே படித்தாரா, வேறொருவர் வழியாகவா என்பதை அட்டவணையில் கேள்விக்குறியோடு விடுங்கள். கேள்விக்குறி இருப்பது குறையல்ல. இல்லாத விடையை நிரப்புவதுதான் குறை.

மூலம் தேடும்போது இசிதோரே பெயர் சொல்லும் ஆசிரியர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பழைய ரோமானிய அறிஞர் வர்ரோவின் பெயரை அவர் பலமுறை சொல்கிறார், ஆனால் வர்ரோவின் நூல்கள் அவர் கையில் இருந்ததற்குச் சான்று மெலிது. பெரும்பாலும் வர்ரோவை மேற்கோள் காட்டிய, இடையில் வந்த ஓர் ஆசிரியரிடமிருந்து பெயரோடு சேர்த்து எடுத்திருக்கிறார். வர்ஜில் வரிகளும் அப்படியே செர்வியுஸ் வழியாக நிறைய வந்திருக்கின்றன. பழைய உலகத்தின் அறிவை இசிதோர் நேரடியாகக் காப்பாற்றினார் என்ற பேச்சை ழாக் ஃபோந்தேன் 1959-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு கவனமாகத் திருத்தியது. இசிதோர் பயன்படுத்தியது பெரும்பாலும் பள்ளிப் பாடநூல்களும் உரைகளும் சுருக்கங்களுமே. இதனால் இசிதோரின் உழைப்பு சிறுத்துவிடவில்லை. சிதறிய சுருக்கங்களிலிருந்து ஒரு முழு உலகத்தை வரிசைப்படுத்தியது அவர் சாதனை.

ஆறாம் படி: கையெழுத்துப் படிகள்

முன்னோக்கிப் போகும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும்: உங்கள் பிற்கால ஆசிரியர் கையில் இருந்த ‘எத்திமோலோகியே’ லிண்ட்சே அச்சிட்ட அதே பாடமா? பெரும்பாலும் இல்லை.

லிண்ட்சே படிகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்தார். முதலாவது பிராங்கு நாட்டுக் குடும்பம், ஓரளவு முழுமையானது. இரண்டாவது இத்தாலியக் குடும்பம், சுருங்கியது. மூன்றாவது ஸ்பானியக் குடும்பம், கூடுதல் சேர்ந்தது. அந்தக் கூடுதல்களில் சில இசிதோரின் மேசையிலிருந்தே வந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. இது போக, சிசெபுத் அரசனுக்கு அர்ப்பணித்த முந்தைய வடிவம் ஒன்றும் சுற்றில் இருந்தது. ஒரு பதிவு ஒரு குடும்பத்தில் குறைந்தோ இடம் மாறியோ இருக்கலாம். ஆகவே “இன்னார் இந்த வரியை விட்டுவிட்டார்” என்று எழுதும் முன், அந்த வரி அவர் வட்டாரத்துப் படியில் இருந்ததா என்று பாருங்கள்.

பழைய படிகளைக் கண்ணால் காண இன்று ரயிலேற வேண்டாம். சங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் 11-ஆம் புத்தகத்தின் சில தோல் துண்டுகள் இருக்கின்றன. 7-ஆம் நூற்றாண்டு, ஐரிஷ் கையெழுத்து. ஆசிரியர் இறந்து சில பத்தாண்டுகளுக்குள் நூல் ஸ்பெயினைக் கடந்து ஐரிஷ் துறவிகள் கைக்குப் போய்விட்டது என்பதற்கு அந்தத் துண்டுகளே சாட்சி. சுவிஸ் நூலகங்களின் இ-கோதிசெஸ் தளம், பிரான்சின் காலிகா, வொல்ஃபன்பூட்டல் நூலகத்தின் மின்தொகுப்பு ஆகிய மூன்றிலும் தேடினால் முதல் சில மாதங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். 1000-ஆம் ஆண்டுக்கு முந்திய படிகளுக்கென்றே நெதர்லாந்தின் ஹாய்கன்ஸ் நிறுவனத்தில் ஒரு தரவுத்தளம் உருவாக்கியிருக்கிறார்கள். எந்தப் படியில் முழுநூல், எதில் ஒரு புத்தகம் மட்டும், எதில் துண்டு மட்டும் என்று அதில் வடிகட்டிப் பார்க்கலாம்.

படியைத் திறந்ததும் செய்ய வேண்டியது: நூலகம், அடுக்கு எண், ஏட்டு எண், முன்பக்கமா பின்பக்கமா என்று நான்கையும் உடனே குறித்துவையுங்கள். பிறகு குறித்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதே வரியை மறுபடி தேட அரைநாள் போய்விடும். எழுத்துமாற்றங்களுக்கும் பழகிக்கொள்ளுங்கள். ‘அஎ’ வெறும் ‘எ’ ஆகும். ‘ப்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வ்’ வரும், குறிப்பாக ஸ்பானியப் படிகளில். இவை பாடபேதங்கள் அல்ல, எழுதியவரின் உச்சரிப்பு. இவற்றை அட்டவணையில் ஏற்றினால் உண்மையான பாடபேதம் கூட்டத்தில் காணாமல் போகும்.

படங்களிலும் கவனம் வேண்டும். வட்டத்துக்குள் டி எழுத்து வரைந்து, மேல் பாதியில் ஆசியா, கீழே ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் என்று காட்டும் உலகப்படம் இசிதோர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1472-இல் ஆக்ஸ்பர்க் நகரில் குந்தர் சைனர் இந்த நூலை முதன்முதல் அச்சிட்டபோது அந்தப் படமும் அச்சானது. மேற்குலகில் அச்சேறிய முதல் உலகப்படமாக அதைச் சொல்வார்கள். ஆனால் 14.2-இல் உள்ளது சொற்களாலான விவரிப்பு. ஒரு படியில் படம் இருந்தால் அது படியெடுத்தவர் சேர்த்ததாக இருக்கலாம். ஒவ்வொரு படியிலும் தனியாகச் சோதியுங்கள்.

ஏழாம் படி: முன்னோக்கித் தேடுதல்

செல்வாக்கு என்ற சொல்லை எழுதுவது சுலபம், நிறுவுவது கடினம். நீங்கள் பார்க்கப்போவது மூன்று விதமான கடன்கள்: பெயர் சொல்லி எடுத்தது, பெயர் சொல்லாமல் எடுத்தது, இன்னொருவர் வழியாக எடுத்தது. இதில் ஏமாற்றுவது முதலாவதுதான். “இசிதோர் சொல்கிறார்” என்று ஒருவர் எழுதினால் அவர் இசிதோரைத் திறந்தார் என்று பொருளல்ல. இசிதோரை மேற்கோள் காட்டிய ஒருவரைத் திறந்திருக்கலாம்.

மிளகுக்கு ஓர் அடையாளச் சோதனை வைத்துக்கொள்ளுங்கள். பாம்பும் தீயும் மட்டும் இருந்தால் கடன் அதிசயக் கடித மரபிலிருந்தும் வந்திருக்கலாம், அது இசிதோரைச் சுட்டாது. மூன்று வகை மட்டும் இருந்தால் சோலினுஸ் போதும். ஜூனிப்பர் இலை, பாம்பு, தீ, மூன்று வகை, ஈயக் கலப்படம் ஆகிய ஐந்தும் இதே வரிசையில் வந்தால், இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும் ஊற்று 17.8.8 என்று துணிந்து எழுதலாம். எந்தப் பதிவை எடுத்தாலும் இப்படி ஒரு சேர்க்கையைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. தனிச்செய்தி எங்கும் கிடைக்கும். சேர்க்கையும் வரிசையும் கைரேகை.

சோதனையோடு இனி நூல்களைத் திறங்கள். 840-களில் ஜெர்மானியத் துறவி ஹ்ரபானுஸ் மவுருஸ் இசிதோரை அப்படியே எடுத்து, திருச்சபைக்கான உட்பொருள் விளக்கங்களைச் சேர்த்து, 22 புத்தகங்களாக ஒரு கலைக்களஞ்சியம் செய்தார். பயிர்களுக்கு அதன் 19-ஆம் புத்தகத்தைப் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டில் பர்த்தொலொமேயுஸ் ஆங்கிலிக்குஸ் எழுதிய ‘பொருள்களின் இயல்புகள்’ நூலின் 17-ஆம் புத்தகம் செடிகொடிகள். அங்கே மிளகுக்கு இசிதோரின் பெயரையே சொல்கிறார். 1398-இல் ட்ரெவிசா அதை ஆங்கிலமாக்கியதும் பாம்புக்காடு ஆங்கில வாசகர்களிடம் போய்ச் சேர்ந்தது. பின்னால் ஓர் ஆங்கிலேயர் “இசிதோர் சொல்கிறார்” என்று மிளகைப் பற்றி எழுதினால், முதலில் பர்த்தொலொமேயுஸை நினையுங்கள்.

எதிர்ப்பும் செல்வாக்குக்குச் சான்று. 1329-இல் கொல்லத்துக்கு ஆயராக நியமிக்கப்பட்ட தொமினிக்கத் துறவி யோர்தானுஸ், மிளகு மரமேறும் கொடி என்றும், பச்சையாய் இருந்து முற்றிக் கறுத்துச் சுருங்குகிறது என்றும் எழுதிவிட்டு, கீழே தீ வைக்கிறார்கள் என்று சிலர் சொல்லும் பொய்யை நம்பாதீர்கள் என்று சேர்க்கிறார். அதே நூற்றாண்டில் கொல்லத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கிய பாப்பரசரின் தூதர் மரிக்னொல்லி, மிளகு காட்டில் வளர்வதில்லை, தோட்டத்தில் வளர்கிறது, ஆசிரியர்கள் பொய்யாகச் சொன்னதுபோல் யாரும் வறுப்பதில்லை, இதைக் கண்ணால் கண்டேன், கையால் தொட்டேன் என்கிறார். ஸ்பெயினில் ஓர் அறையில் ஏழு நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட வரி, மலபார்க் கரையில் இறங்கும் பயணி மறுத்தாக வேண்டிய அளவுக்கு உயிரோடு இருந்திருக்கிறது. ‘செல்வாக்கு’ என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சட்டத்தில் வேறு வகைப் பொறி இருக்கிறது. 1140-ஐ ஒட்டி கிராசியன் தொகுத்த ‘தெக்ரேத்தும்’ என்னும் திருச்சபைச் சட்ட நூலின் தொடக்கப் பகுதி, சட்டம் என்றால் என்ன, வழக்கம் என்றால் என்ன என்ற இசிதோரின் 5-ஆம் புத்தக வரையறைகளாலேயே கட்டப்பட்டது. அதன்பின் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்த ஒவ்வொருவரும் அந்த வரையறைகளை மனப்பாடம் செய்தார்கள். ஆகவே 1140-க்குப் பிந்திய சட்ட எழுத்தில் 5.2, 5.4 வரிகள் வந்தால் ஆசிரியர் ‘எத்திமோலோகியே’யைப் படித்தவர் என்று கொள்ளாதீர்கள், கிராசியனைப் படித்திருப்பார். கிராசியன் எடுக்காத வேறு வரி ஏதாவது அவரிடம் இருந்தால் மட்டுமே நேரடிக் கடன் என்ற பேச்சு எழும்.

சொல்தேடல் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. இலத்தீன் தரவுத்தளத்தில் முழு வாக்கியத்தைப் போட்டால் ஒன்றும் வராது; எழுத்து மாறியிருக்கும், சொல் முன்பின்னாகியிருக்கும். அரிய சொல் இரண்டின் வேர்ப்பகுதியை மட்டும் எடுத்து, பத்துச் சொல் இடைவெளிக்குள் தேடச் சொல்லுங்கள். மிளகில் ‘செர்பெந்த்’, ‘குஸ்தொத்’ இரண்டும் போதும். இடைக்கால ஆசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது பெரும்பாலும் புத்தக எண்ணை மட்டும் சொல்வார்கள். அந்த எண் சில சமயம் அவர்கள் வைத்திருந்த படியின் எண்ணாக இருக்கும், அச்சுப்பதிப்போடு ஒன்று கூடும் அல்லது குறையும்.

மிளகு முடிந்த பிறகு எதை எடுக்கலாம்?

அரசியல் சிந்தனையில் ஆர்வமுள்ளவர்கள் 9.3.4-ஐ எடுங்கள். “நேர்மையாய் நடந்தால் அரசனாவாய், நடக்காவிட்டால் ஆகமாட்டாய்” என்ற பழமொழி அங்கே வருகிறது. பின்னோக்கிப் போனால் ஹொராசின் நிருபம் ஒன்றில் சிறுவர்கள் விளையாடும்போது பாடும் வரியாக நிற்கிறது. முன்னோக்கிப் போனால் கரோலிங்கிய (9-ஆம் நூற்றாண்டுப் பிராங்கு அரசு) ஆயர்கள் அரசர்களுக்கு எழுதிய அறிவுரை நூல்களில் முளைக்கிறது. இசிதோர் அதைப் பழையவர்களின் பழமொழி என்று மட்டும் சொல்கிறார், ஹொராசின் பெயரைச் சொல்லவில்லை. அவர் ஹொராசைத் திறந்தாரா என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

நிலவியல் பிடித்தவர்களுக்கு 14.6.12: தப்ரொபனே, அதாவது இலங்கை. முத்தும் மணியும் நிறைந்த தீவு, நடுவே ஆறு ஓடிப் பிளக்கிறது, ஒரு பகுதியில் யானைகளும் விலங்குகளும், மறு பகுதியில் மனிதர்கள். ஆண்டுக்கு இரண்டு கோடை, இரண்டு குளிர்காலம், இருமுறை பூப்பூக்கும். மிளகுக்குப் போட்ட அதே அட்டவணையைப் போட்டு, பிளினியின் 6-ஆம் புத்தகத்தையும் சோலினுஸையும் ஒரொசியுஸையும் பக்கத்தில் திறந்துவைத்து ஆரம்பியுங்கள். 14.3-இல் இந்தியாவைச் சொல்லும் இடத்திலும் இதே தீவு வருகிறது. இரண்டு இடத்தையும் சேர்த்தே எடுங்கள். மூலங்கள் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.